கெட்டிலுக்கு முன் குளிர்: சிறு பீர் ஆலையில் எந்தக் கருவியை முதலில் மாற்றுவது?

பீர் விற்றுத் தீர்ந்துகொண்டே இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை என்ற நிலை வந்ததும் சிறு ஆலை வைத்திருப்பவர் கண் முதலில் போவது பீருக்கான இனிப்பு நீரைக் கொதிக்கவைக்கும் கெட்டில் மீதுதான். 1,000 லிட்டருக்குப் பதில் 2,000 லிட்டர் கெட்டில் வாங்கினால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்று தோன்றும். அந்தக் கெட்டில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறுவிதமாக இருக்கும்.

1,000 லிட்டர் காய்ச்சும் அமைப்பும் 1,000 லிட்டர் பீர் பிடிக்கும் நான்கு ஃபெர்மென்டர்களும் (நொதிக்கும் தொட்டிகள்) உள்ள ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்ச் ஏல் வகை பீர் ஃபெர்மென்டரில் எத்தனை நாள் இருக்கிறது? நொதிக்க 7 நாள், டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் வாசனை அடங்க 2 நாள், குளிரவைக்க 2 நாள், தெளிய 3 நாள், அதே தொட்டியிலேயே கார்பன் டை ஆக்சைடு ஏற்றிப் பாட்டிலிலோ கெக் என்னும் உலோகப் பீப்பாயிலோ நிரப்பி முடிக்க 3 நாள், கழுவ 1 நாள். மொத்தம் 18 நாள். ஒரு தொட்டி ஆண்டுக்கு 20 முறை சுற்றும். நான்கு தொட்டிகளும் சேர்ந்து சுமார் 81 பேட்ச் தரும். இதே காய்ச்சும் அமைப்பில் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு பேட்ச் என்று போட்டாலே ஆண்டுக்கு 250 பேட்ச் வரும். ஆக, கெட்டில் மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் சும்மா நிற்கிறது. அதைப் பெரிதாக்கினால் சும்மா நிற்கும் கெட்டில்தான் பெரிதாகும். இன்னொரு சிக்கலும் உண்டு: 2,000 லிட்டர் வோர்ட்டை (முளைகட்டிய தானியமான மால்ட்டை ஊறவைத்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்பு நீர்) ஊற்ற 1,000 லிட்டர் தொட்டியில் இடம் கிடையாது.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம் ஒன்றுதான். சிறு ஆலையில் பணம் முதலில் போக வேண்டிய இடம் வோர்ட் குளிர்ந்த பிறகு தொடங்கும் பக்கம்: தொட்டி, குளிரூட்டல், ஆக்சிஜன், கழுவல். காய்ச்சும் பக்கம் பிறகு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வரிசையே பேசக்கூடாத சில பொருட்கள் இருக்கின்றன.

காத்திருக்கக் கூடாதவை

12 டிகிரி பிளேட்டோ (எடையில் 12 விழுக்காடு கரைபொருள்) வோர்ட் 1,000 லிட்டரில் கரைந்துள்ள சாறு, பெரும்பாலும் சர்க்கரை, சுமார் 126 கிலோ. அதில் ஏறக்குறைய 82 கிலோவை ஈஸ்ட் தின்று தீர்க்கும். 38 கிலோ கார்பன் டை ஆக்சைடு உருவாகும். பீரில் தங்குவது போக 35 கிலோ வெளியேறுகிறது என்று வைத்தால், அறை வெப்பத்தில் அது 19 கன மீட்டர் வாயு. 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள மூடிய அறையில் இதைக் கொட்டினால் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். இது ஒரே ஒரு தொட்டியின் கணக்கு. எனவே கார்பன் டை ஆக்சைடு அலாரம் இல்லாத ஆலை வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் உணரியைத் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்த வேண்டும். தலை உயரத்தில் மாட்டிய உணரி ஆபத்தைத் தாமதமாகவே சொல்லும். எட்டு மணி நேர வேலைக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). முதல் எச்சரிக்கையை அந்த அளவுக்கு அமைக்கலாம். சிலிண்டர்கள் இருக்கும் மூலையிலும் குளிர்அறையிலும் தனித்தனி உணரி வேண்டும். அலாரத்தின் திரை கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துத்தான் அளவு தெரியும் என்றால் அது பயன்படாது.

அடுத்தது தொட்டியின் அழுத்த வால்வும் வெற்றிட வால்வும். அழுத்தம் கூடினால் தொட்டி வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெற்றிடத்தில் தொட்டி நசுங்கும் என்பது பலருக்குத் தொட்டி போன பிறகே தெரிய வருகிறது. சூடான கழுவலுக்குப் பிறகு குளிர்ந்த நீரைத் தெளித்தால் உள்ளே நீராவி சட்டென்று சுருங்கும். கார்பன் டை ஆக்சைடு நிறைந்த தொட்டியில் கழுவுவதற்கான காஸ்டிக் சோடாக் கரைசலைத் தெளித்தால் வாயுவைக் காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு வழியிலும் உள்ளே வெற்றிடம் உருவாகிறது. மெல்லிய தகடுள்ள தொட்டி உள்ளழுத்தத்தைத் தாங்கும் அளவில் சிறு பங்கைக்கூட வெளியிலிருந்து தாங்காது. வெற்றிட வால்வில் பீர் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் அது இருந்தும் இல்லாததுதான். ஒவ்வொரு கழுவலிலும் கழற்றிக் கழுவி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மூன்றாவது, உதிரிப் பெட்டி. இதை மேம்பாடு என்று யாரும் எண்ணுவதில்லை. கெட்டிலில் கொதிக்கும் வோர்ட் நிற்கும்போது பம்பின் மெக்கானிக்கல் சீல் கிழிந்தால் அந்த பேட்சை இறக்க வழி இல்லை. பம்ப் சீல் ஒரு ஜோடி, வெப்ப உணரி ஒன்று, கிளைக்கால் (தொட்டிகளைக் குளிர்விக்கச் சுற்றும், எளிதில் உறையாத திரவம்) ஓட்டத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் காயில் இரண்டு, மோட்டார் கான்டாக்டர் ஒன்று, எல்லா அளவிலும் கேஸ்கெட்கள், நீராவியில் ஓடும் ஆலை என்றால் ஒரு ஸ்டீம் டிராப். இவ்வளவுதான் பெட்டி. முடிந்தால் எல்லா இடத்திலும் ஒரே வகைப் பம்ப் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஒரே சீல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

18 நாளை 15 ஆக்குவது

மேலே சொன்ன 18 நாளில் கடைசி 3 நாள், அதாவது வாயு ஏற்றுவதும் நிரப்புவதும், ஃபெர்மென்டரில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கென ஒரு பிரைட் டேங்க் இருந்தால் பீர் தெளிந்ததும் அங்கே போய்விடும். தொட்டியின் சுற்று 15 நாளாகும். நான்கு தொட்டிகளும் 97 பேட்ச் தரும். ஃபெர்மென்டர் எதுவும் வாங்காமல் ஆண்டுக்கு 16,000 லிட்டர் கூடுதல். ஒரு புது ஃபெர்மென்டர் கொடுப்பதில் ஐந்தில் நான்கு பங்கு இது. பீரின் தரமும் உயரும், ஏனெனில் தெளிந்த பீர் ஈஸ்ட் படிவின் மேல் உட்கார்ந்தபடி நிரப்பலுக்காகக் காத்திருக்காது.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. 97 பேட்சும் ஒரே பிரைட் டேங்க் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொன்றும் 3 நாள், கழுவ அரை நாள் என்றால் 340 நாள். ஆண்டு நிரம்பிவிட்டது. எனவே ஐந்தாவது ஃபெர்மென்டர் வாங்கும் நாளில் இரண்டாவது பிரைட் டேங்கோ வேகமான நிரப்பியோ சேர்ந்தே வர வேண்டும். 1,000 லிட்டர் பீர் என்பது 330 மில்லிலிட்டர் பாட்டிலில் 3,000 பாட்டிலுக்குச் சற்று மேல். மணிக்கு 250 பாட்டில் நிரப்பும் கருவியில் அது 12 மணி நேர வேலை, அதாவது இரண்டு நாள். அதையே 50 லிட்டர் கெக்கில் நிரப்பினால் 20 கெக், ஒரே பகலில் முடியும். விற்பனையில் கெக்கின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே பிரைட் டேங்க் எவ்வளவு விரைவில் காலியாகும் என்பது அமையும். பாட்டிலை நம்பியிருக்கும் ஆலையில் இரண்டாவது பிரைட் டேங்கைவிட நல்ல நிரப்பி முன்னால் வரலாம்.

கருவியே வாங்காமல் நாள் மிச்சப்படுத்தும் வழியும் இதற்குள் இருக்கிறது. டைஅசிட்டைல் அடங்க 2 நாள் என்பது பல ஆலைகளில் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவது. பீர் மாதிரியை மூடிய குடுவையில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் 20, 30 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, சூடாக்காத மாதிரியுடன் சேர்த்து முகர்ந்து பார்த்தால் வெண்ணெய் வாசனைக்கு மூலமான பொருள் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டிலும் வாசனை இல்லை என்றால் அன்றே குளிரவைக்கத் தொடங்கலாம். வாசனை இருந்தால் நாட்காட்டி என்ன சொன்னாலும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிரவைத்த பீர் கடைக்குப் போன பிறகு வெண்ணெயாக மணக்கும்.

ஈஸ்ட் எண்ணிக்கையும் அப்படித்தான். 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியும் செல் எண்ணும் கண்ணாடித் தகடும் இருந்தால் ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி பிளேட்டோவுக்கும், 7.5 லட்சம் செல், குளிரில் நொதிக்கும் லாகருக்கு 15 லட்சம் செல் என்று எண்ணிப் போடலாம். அளவில்லாமல் வாளிக் கணக்கில் ஊற்றும் ஆலையில் ஒரு பேட்ச் 5 நாளில் நொதித்து முடியும், அடுத்தது 9 நாள் இழுக்கும். அந்த 4 நாளும் தொட்டி நாட்கள்தான். நுண்ணோக்கியின் விலை ஆலையின் எந்தத் தொட்டியின் விலையோடும் ஒப்பிடத்தக்கதல்ல. இதை வாங்காமல் ஆறாவது ஃபெர்மென்டரைப் பற்றி யோசிப்பது தவறான வரிசை.

புதுத் தொட்டி வாங்கும்போது அளவு என்ன? ஏற்கெனவே இருக்கும் அளவே மீண்டும் வேண்டாம். காய்ச்சும் அமைப்பின் இரண்டு மடங்கு, அதாவது 2,000 லிட்டர் பீர் பிடிக்கும் தொட்டி நல்லது. ஒரே நாளில் இரண்டு பேட்ச் காய்ச்சி அதில் நிரப்பலாம். கழுவலும் ஈஸ்ட் எடுப்பதும் சோதனையும் 2,000 லிட்டருக்கு ஒருமுறைதான். ஈஸ்ட் முழுவதையும் முதல் பேட்சோடு போட்டுவிட்டு, இரண்டாவது வோர்ட்டை ஆக்சிஜன் ஏற்றி 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அதற்குமேல் தாமதித்து ஆக்சிஜன் கலந்த வோர்ட்டைச் சேர்த்தால் டைஅசிட்டைல் கூடும். தொட்டியின் மொத்தக் கொள்ளளவு பீரைவிட 20 முதல் 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் நுரை குழாய் வழியாக வெளியேறி, வாயு போகும் பாதையை அடைக்கும். அதிகம் விற்காத வகைகளுக்குப் பழைய 1,000 லிட்டர் தொட்டிகள் இருக்கவே இருக்கின்றன.

சில்லர்: எந்த நேரத்தில் எவ்வளவு

தொட்டி சேர்த்த கோடையில்தான் கிளைக்காலைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் போதவில்லை என்று தெரியவரும். உடனே இரண்டு மடங்கு பெரிய சில்லருக்கு விலை கேட்பார்கள். அதற்குமுன் குளிர்ச் சுமை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

நொதித்தலில், தின்னப்படும் ஒரு கிலோ சாறுக்குச் சுமார் 600 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். நம் 82 கிலோவுக்கு 49 மெகாஜூல். அதில் பாதி ஒரே நாளில் வந்தாலும் சராசரியாக 0.3 கிலோவாட்டுக்கும் குறைவு. 1,000 லிட்டர் பீரை 20 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்கு 24 மணி நேரத்தில் இறக்க 77 மெகாஜூல், அதாவது 0.9 கிலோவாட். இரண்டு தொட்டி ஒரே நாளில் குளிர்ந்தாலும் 2 கிலோவாட்டைத் தொடாது. காப்புறையில் கசியும் வெப்பம், பம்பு தரும் வெப்பம் எல்லாம் சேர்த்தாலும் நான்கு தொட்டிச் சுமை கைக்குள் அடங்கும்.

இனி வோர்ட் இறக்கும் நேரத்தைப் பாருங்கள். குழாய் நீர் 28 டிகிரி என்றால், தட்டு வெப்பப் பரிமாற்றியின் முதல் பகுதி 95 டிகிரி வோர்ட்டை 32 வரை கொண்டுவரும். அதை 18 டிகிரிக்கு இறக்குவது கிளைக்கால் ஓடும் இரண்டாம் பகுதியின் வேலை. 14 டிகிரிதான்; ஆனால் 45 நிமிடத்தில் 58 மெகாஜூல் எடுக்க வேண்டும். அது 21 கிலோவாட். நாள் முழுக்க 3, 4 கிலோவாட் கேட்கும் ஆலை அந்த முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் 21 கேட்கிறது. சில்லர் திணறி, கிளைக்கால் சூடேறி, குளிர்ந்துகொண்டிருந்த தொட்டிகளும் பிரைட் டேங்கும் அந்த நேரத்தில் வெப்பம் கூடத் தொடங்கும்.

இதற்கு மருந்து பெரிய சில்லர் அல்ல. காப்புறையுள்ள குளிர்நீர்த் தொட்டி. 1,200 லிட்டர் நீரை இரவு முழுவதும் 28 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிரவைத்து வைத்திருந்தால் வோர்ட் இறக்க அந்த நீர் ஒன்றே போதும். 12 மணி நேரத்தில் குளிரவைக்க 2.8 கிலோவாட் போதுமானது. 21 என்ற உச்சம் 3-க்குள் அடங்கிவிட்டது. வெளியேறும் நீர் 75, 80 டிகிரியில் சுடுநீர்த் தொட்டிக்குப் போய் அடுத்த பேட்சுக்கு உதவும். சில்லரை இரட்டிப்பாக்கும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு தொட்டியும் ஒரு பம்பும் ஒரு சிறு வெப்பப் பரிமாற்றியும் கொண்ட இந்த ஏற்பாடு சிறு ஆலைக்குக் கிடைக்கும் நல்ல மேம்பாடுகளில் முதல் வரிசையில் நிற்கிறது.

சில்லர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெயர்ப்பலகை எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 7 டிகிரி நீர் தரும்போது அளந்த திறன் அதில் எழுதப்பட்டிருக்கலாம். ஆலைக்கு வேண்டியது −3, −4 டிகிரி கிளைக்கால். அந்த வெப்பநிலையில் அதே கருவி தன் திறனில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கும். வெளியே வெயில் ஏறினால் இன்னும் குறையும். ‘−4 டிகிரி கிளைக்கால், கடும் கோடை வெப்பம்’ என்று குறிப்பிட்டு அந்த நிலையில் எத்தனை கிலோவாட் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே பெரிய சில்லரைவிடத் தனித்தனி கம்ப்ரசர் உள்ள இரண்டு சுற்று நல்லது. ஒன்று நின்றாலும் பீர் கெடாது.

இருக்கும் சில்லரிலேயே திறன் ஒளிந்திருக்கவும் கூடும். கிளைக்கால் உணவுக்கு ஏற்ற புரோப்பிலீன் கிளைக்காலாகவே இருக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. செறிவு 30 முதல் 35 விழுக்காடு. கசிந்ததற்கு ஈடாக வெறும் நீரை ஊற்றி ஊற்றிச் செறிவு குறைந்தால் சில்லருக்குள்ளேயே பனி படிந்து ஓட்டம் தடைபடும். பயந்துபோய் 50 விழுக்காடாக்கினால் திரவம் கெட்டியாகி வெப்பத்தை மோசமாகக் கடத்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செறிவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது போதும். சில்லரின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் தகடுகளில் மால்ட் தூசி படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிளைக்காலை இன்னும் குளிராக்கினால் தொட்டி வேகமாகக் குளிரும் என்ற எண்ணத்துக்கும் எல்லை இருக்கிறது. பீர் 2.5, 3 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த பீர் இறங்காமல் மேலே ஏறும். தொட்டியின் கீழ்ப்பகுதியில் உள்ள வெப்பமானி 3 என்று காட்டிக்கொண்டே நிற்க, மேல் ஜாக்கெட்டை (தொட்டியைச் சுற்றிக் கிளைக்கால் ஓடும் உறை) ஒட்டிப் பனிக்கட்டி கட்டும். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர் −2 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உறையத் தொடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஆக்சிஜனும் கழுவலும்

330 மில்லிலிட்டர் பாட்டிலின் கழுத்தில் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று தங்கினால் என்ன ஆகும்? அதில் 0.28 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. பீரின் அளவோடு வகுத்தால் சுமார் 850 பிபிபி. ஒரு பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. பாட்டிலில் மொத்த ஆக்சிஜன் 100 பிபிபிக்குக் கீழே இருந்தால் நன்று, 50-க்குக் கீழே என்றால் மிக நன்று என்பது தொழிலில் உள்ளோர் கொள்ளும் அளவு. ஒரு மில்லிலிட்டர் காற்று அதை எட்டு மடங்கு தாண்டவைக்கிறது. ஹாப் மணம் முதலில் போகும், பிறகு ஈர அட்டைப்பெட்டி போன்ற சுவை வரும், நிறம் கருக்கும். ஆலையின் குழாயில் குடித்தபோது பிரமாதமாக இருந்த பீர் ஆறு வாரம் கழித்துக் கடையில் வாங்கியவரிடம் இப்படிப் போய்ச் சேர்கிறது. வாங்கியவர் புகார் சொல்ல மாட்டார்; திரும்ப வாங்க மாட்டார், அவ்வளவுதான். இந்த இழப்பு எந்த ஏட்டிலும் பதிவாகாது என்பதால்தான் ஆக்சிஜன் தொடர்பான செலவு எப்போதும் தள்ளிப்போகிறது.

பிபிபி அளவில் காட்டும் கரைந்த ஆக்சிஜன் மீட்டர் விலை கூடியது; பிபிஎம் அளவில் காட்டும் மலிவான கருவி வோர்ட்டுக்குப் பயன்படும், முடிந்த பீருக்குப் பயன்படாது. சொந்தமாக வாங்க முடியாத ஆலை ஒரு நாளுக்கு வாடகைக்கோ இரவலாகவோ எடுத்துப் பாதை நெடுகிலும் அளக்கலாம்: ஃபெர்மென்டர் வாயில், பம்புக்குப் பின், பிரைட் டேங்கில், நிரப்பியின் நுழைவில், மூடிய பாட்டிலில். எண் எந்த இரண்டு இடத்துக்கு நடுவே தாவுகிறதோ பழுது அங்கே. பெரும்பாலும் அது தேய்ந்த பம்ப் சீல், கடினமான கேஸ்கெட், சரியாக வெளியேற்றப்படாத ஹோஸ் இவற்றில் ஒன்றாக இருக்கும். பீர் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே போகும். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் குறிப்பாக அப்படி.

காலி பிரைட் டேங்கிலிருந்து காற்றை வெளியேற்றும் முறையிலேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை உள்ளே ஊதினால் அது காற்றோடு கலந்துகொண்டே வெளியேறும். ஆக்சிஜனை 21 விழுக்காட்டிலிருந்து 10 பிபிஎம்முக்குக் கொண்டுவரத் தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 மடங்கு வாயு வேண்டும். 1,000 லிட்டர் தொட்டிக்கு 18 கிலோ. தொட்டியைத் தளும்பத் தளும்ப நீரால் நிரப்பி, அந்த நீரை வாயுவால் தள்ளி வெளியேற்றினால் 2 கிலோவுக்கும் குறைவாகவே செலவாகும், காற்றும் மிச்சம் இருக்காது. புது பிரைட் டேங்க் வாங்கும்போது அதன் உச்சியில் நீர் முழுதும் நிரம்பும்படி மிக உயர்ந்த புள்ளியில் ஒரு வாய் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுவது இதற்காகத்தான். நிரப்பி வாங்குவதானால் நிரப்புமுன் பாட்டிலின் காற்றை இருமுறை உறிஞ்சி எடுப்பதும், நுரை பொங்கும்போதே அதன்மேல் மூடி போடுவதும் வேகத்தைவிட முக்கியம்.

கழுவலுக்கு வருவோம். நிலையான தெளிப்புப் பந்து உள்ள நிமிர்ந்த தொட்டிக்கு, சுற்றளவில் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் ஓட்டம் வேண்டும். 1.2 மீட்டர் விட்டத் தொட்டியின் சுற்றளவு 3.8 மீட்டர், எனவே நிமிடத்துக்கு 110 லிட்டருக்கு மேல், மணிக்குக் கிட்டத்தட்ட 7 கன மீட்டர். தொட்டியை 2,000 லிட்டராக்கிவிட்டுப் பழைய சிறு பம்பையே வைத்திருந்தால் நீர் சுவரில் படலமாக வழியாமல் கோடுகோடாக வழியும். கோடுகளுக்கு நடுவே பழுப்பு வளையம் தங்கும், அதில் கிருமி தங்கும். சரியான பம்ப் இருந்தும் குறுகிய ஹோஸ் அந்த ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். பெரிய தொட்டியின் மதிப்பீட்டிலேயே பம்பையும் ஹோஸையும் சேர்த்து எழுத வேண்டும்.

முன்னர் சொன்ன காஸ்டிக் பற்றி இன்னொரு கணக்கு. மொத்தம் 1,250 லிட்டர் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருந்தால் அதன் எடை 2.3 கிலோ. அது 4 கிலோவுக்கு மேல் காஸ்டிக்கைத் தின்றுவிடும். 100 லிட்டர் நீரில் 2 விழுக்காடு என்று கலக்கிய காஸ்டிக் மொத்தமே 2 கிலோ. அத்தனையும் சலவைச் சோடாவாக மாறிவிட, அரை மணி நேரம் சுற்றியது கழுவும் திறனற்ற நீர். தொட்டி ஏன் சுத்தமாகவில்லை என்று காஸ்டிக்கின் அளவைக் கூட்டுபவர்கள் முதலில் தொட்டியைத் திறந்து, காற்றை ஊதி, வாயுவை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். பீர்க்கல் என்னும் கால்சியம் ஆக்சலேட் படிவுக்குக் காஸ்டிக் போதாது. சில சுற்றுக்கு ஒருமுறை அமிலக் கழுவல் தேவை.

காய்ச்சும் பக்கம் எப்போது முந்தும்

சில நிலைகளில் வரிசை மாறும். கெட்டில் பொங்கிக் கொதிக்காமல் முனகிக்கொண்டிருந்தால், மணிக்கு 4 விழுக்காடுகூட ஆவியாகவில்லை என்றால், வெளிர் மால்ட் பீரில் வேகவைத்த சோள வாசனை தங்கும். அது தரக் குறை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அங்கும் மாற்ற வேண்டியது பெரும்பாலும் பர்னரோ ஹீட்டரோதான், கெட்டில் அல்ல. 1,000 லிட்டரில் மணிக்கு 6 விழுக்காடு ஆவியாக்க 60 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்குச் சுமார் 38 கிலோவாட் உண்மையிலேயே வோர்ட்டுக்குள் போக வேண்டும். எரிவாயுவின் வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போகும் அமைப்பில் பர்னரின் பலகை எண் இதைப் போல இரு மடங்கு இருந்தாலும் போதாமல் போகலாம்.

ஒரே நாளில் இரண்டு பேட்ச் போட முடியாமல் தடுப்பது அநேகமாகச் சுடுநீர்த் தொட்டி. 200 கிலோ மால்ட்டுக்கு மாவுக் கலவையில் 600 லிட்டர், அலசலுக்கு 700 லிட்டர் என்று 1,300 லிட்டர் சுடுநீர் வேண்டியிருக்கிறது. தொட்டி 1,000 லிட்டர் என்றால் இரண்டாவது பேட்ச் நீர் சூடாகக் காத்திருக்கும். வெப்பப் பரிமாற்றியிலிருந்து வரும் 80 டிகிரி நீரோ இடமில்லாமல் சாக்கடைக்குப் போகும். 2,500 லிட்டர் காப்புறைத் தொட்டி ஒன்று இரண்டு குறையையும் தீர்க்கும். காய்ச்சும் பக்கத்தில் முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.

அரவை இயந்திரத்தை மாற்றிச் சாறு எடுப்பதில் 3 விழுக்காடு கூட்டினால் 200 கிலோவில் 6 கிலோ மால்ட் மிச்சம். நல்லதுதான். ஒரு பேட்ச் கெட்டுக் கொட்டினால் போகும் 200 கிலோவுக்கு அது 33 பேட்சின் மிச்சம். இருக்கும் அரவை இயந்திரத்தின் உருளை இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சரிசெய்வது இப்போதைக்குப் போதும்.

வாங்கும் நாளில்

2,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தன் எடையும் சேர்த்து இரண்டரை டன் நான்கு சிறு கால்களின் மேல் நிற்கும். தரை தாங்குமா, வாசல் வழியே நுழையுமா, சாய்த்துக் கொண்டுவந்ததை உள்ளே நிமிர்த்தக் கூரை உயரம் போதுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும். நிமிர்த்தும்போது தேவைப்படும் உயரம் தொட்டியின் உயரத்தைவிடக் கூடுதல். அடிமூலையிலிருந்து எதிர் உச்சிக்கு உள்ள குறுக்களவுதான் கணக்கு. இணைப்பு வாய்கள் ஏற்கெனவே உள்ள ஹோஸ்களின் வகையிலேயே இருக்கட்டும். இரண்டு வகை கலந்த ஆலையில் நடுவில் செருகும் ஒவ்வொரு மாற்று இணைப்பும் காற்றும் கிருமியும் நுழைய இன்னொரு இடம்.

பழைய தொட்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஜாக்கெட்டைக் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு நாள் முழுதும் விட்டு, அளவுமானி இறங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். ஜாக்கெட்டில் ஊசித்துளை இருந்தால் கிளைக்கால் பீருக்குள் வரும். வெல்டிங் ஓரங்களில் கைவிளக்கை அடித்துக் கருப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்க்கலாம். குளோரின் கலந்த கழுவுபொருளைப் பயன்படுத்திய ஆலையின் 304 வகை எஃகில் இத்தகைய குழிகள் விழுந்திருக்கும், அவற்றைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.

புதுத் தொட்டி என்றாலும் நேராகப் பீரை ஊற்றிவிடக் கூடாது. சூடான காஸ்டிக்கால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, சிட்ரிக் அல்லது நைட்ரிக் அமிலத்தால் எஃகின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, நீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, அதே நீரை 2 டிகிரி வரை குளிரவைத்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் தொட்டி மெதுவாகக் குளிர்கிறது என்ற சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த எண் ஒன்றுதான் இருக்கும். முதலில் ஊற்றுவது ஆலை பலமுறை காய்ச்சிய, சுவை நாக்கில் பதிந்த பீராக இருக்கட்டும். புதுக் கருவியில் புது வகைப் பீரையும் சேர்த்துத் தொடங்கினால், சுவை பிசகும்போது பிசகியது தொட்டியா செய்முறையா என்று பிரித்துச் சொல்ல வழி இருக்காது.